கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

2023-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது, நெஞ்சு அடைத்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறினார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் கால் போன போக்கில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதே தேதி, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு. 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கடல் ஊருக்குள் வந்தது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் படகும் வலையும் போயின, வீடும் போனது, ஆளும் போனார்கள்.

இரண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயல். அதில் மாய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் திருச்சபையின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். டிசம்பர் 26 யாருடைய திருநாள்? புனித ஸ்தேவானுடையது. கத்தோலிக்கர்களின் பழைய தமிழில் அவர் பெயர் முடியப்பர். பேதுருவை ராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சொன்ன அதே தமிழ். அந்த ராயப்பரின் பெயரால்தான் ராயபுரம் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. ராயப்பருக்கு ஓர் ஊரே கிடைத்துவிட்டது. முடியப்பருக்குக் கிடைத்தது, கிறிஸ்துமஸ் களைப்பில் எல்லோரும் தூங்கும் ஒரு நாள்.

அவர் செய்த வேலை என்ன? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் முதல் சபை ஏழைகளுக்குத் தினமும் சாப்பாடு கொடுத்து வந்தது. அந்தப் பந்தியில் ஒரு புகார் எழுந்தது. உள்ளூர் மொழி பேசும் விதவைகள் நன்றாகக் கவனிக்கப்படுகிறார்கள், கிரேக்கம் பேசும் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயர் ஸ்தேவான். அதாவது திருச்சபையின் முதல் இரத்தசாட்சி, நிவாரணத்தில் நடந்த பாரபட்சத்தை விசாரிக்க நியமிக்கப்பட்டவர். பந்தியில் நியாயம் பார்த்த அதே ஆள்தான் பிறகு அதிகாரத்தில் இருந்தவர்களின் முகத்துக்கு நேராகப் பேசினார். கல்லெறிந்து கொன்றார்கள்.

ஒரே ஆளிடம் இரண்டு வேலை. சாப்பாடு பரிமாறுவது ஒன்று, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது இன்னொன்று. வடசென்னையின் சபைகள் முதல் வேலையை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைகழுவிவிட்டன. குற்றச்சாட்டு இதுதான்.

*

முதலில் இடத்தைப் பார்ப்போம்.

ராயபுரத்தில் ஏறி வடக்கே போனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் சுதந்திர இந்தியாவின் தொழில் வரலாறு. 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப் திருவொற்றியூரில் பிறந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் அங்கேதான் உருண்டு வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைச் சுற்றி அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், நிலக்கரி, சாம்பல்.

சென்னை முழுக்க விளக்கு எரிகிறது. சாம்பல் மட்டும் எண்ணூரில் விழுகிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டுவதைப் பற்றி மீனவர்கள் எத்தனையோ வருடங்களாக மனு கொடுத்து வருகிறார்கள். ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. இறால் பிடிக்க இறங்குபவர்களின் காலில் சேறு ஒட்டுவதில்லை, சாம்பல் ஒட்டுகிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரைக்கு வந்தது. அதை அள்ள என்ன இயந்திரம் வந்தது? வாளி வந்தது. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையாக நின்று கையால் அள்ளிய படத்தை நாடே பார்த்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய அளவுக்குக் கறுப்புக் கோடு. படகு கறுப்பு, வலை கறுப்பு, கூழைக்கடாவின் இறகும் கறுப்பு. மறுபடியும் குப்பத்துக்காரர்கள்தான் இறங்கி அள்ளினார்கள்.

அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய். படகுகள் 787-க்குத் தலா 10,000. மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். இந்தத் தொகையை வைத்து ஒரு குடும்பம் எத்தனை மாதம் சாப்பிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றில் மீன் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்பது வேறு கணக்கு. அந்த எண்ணெய் நாற்றம் போவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி அமோனியா வந்தது.

இது விபத்து அல்ல. விபத்து என்பது எப்போதாவது ஒருமுறை நடப்பது. ஒரே ஊருக்கு மறுபடி மறுபடி நடந்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

*

இப்போது சபைகளின் பக்கம் வருவோம்.

அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். சுனாமியின்போது கடற்கரை நெடுகத் தேவாலய வளாகங்களும் மிஷன் பள்ளிகளும் திறந்துவிடப்பட்டன. சாதி மதம் கேட்காமல் சோறு போட்ட கன்னியர்கள் உண்டு. பிணங்களை எடுத்து அடக்கம் செய்த இளைஞர் குழுக்கள் உண்டு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அரிசி வருகிறது, போர்வை வருகிறது, பிரெட் பாக்கெட் வருகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் விதவைகளுக்குப் புடவை, ஏழைப் பிள்ளைகளுக்கு கேக், தெருவுக்கு பிரியாணி. கொடுத்த கையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பசித்தவனுக்கு அந்த நேரத்தில் அரிசிதான் சுவிசேஷம்.

கேள்வி அதற்கு மறுநாள் எழுகிறது. பொட்டலம் கொடுத்தாகிவிட்டது. போட்டோவும் எடுத்தாகிவிட்டது. (பேனர் வாங்குபவரின் முகத்தை மறைக்காமல் இருந்தால் சரி.) வேன் கிளம்பிவிட்டது. பிறகு?

நல்ல சமாரியன் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். வேற்று இனத்தான் ஒருவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுப்போட்டு, தன் கழுதையில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்தான். இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அடுத்தது அவ்வளவாக வராது. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் கணக்கைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான். திரும்பி வருவதாகச் சொன்னதுதான் அந்தக் கதையின் உயிர். வடசென்னைக்கு வரும் கிறிஸ்தவ உதவியில் இல்லாதது அந்த ஒன்றுதான்.

திரும்பி வருவது என்றால் என்ன என்பதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம். ராயபுரத்திலேயே இருக்கிறது. மடில்டா மெக்ஃபெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1888-ல் சென்னையில் பெண்களுக்காக ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட முடியாமலே பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்த மருந்தகம் வளர்ந்து 1914-ல் ராயபுரத்தில் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாக எழுந்தது. மருந்து பாட்டில் கொடுத்துவிட்டுக் கப்பலேறியிருந்தால் அவர் பெயரே இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தங்கினார். மிஷனரிகளின் நோக்கத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் தங்கினார் என்பதில் விவாதம் இல்லை. வடசென்னைக்காரர்கள் எல்லா மதத்தினரும் இன்றும் "ரெய்னி ஆஸ்பத்திரி" என்று சொந்தத்தோடு சொல்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் கிறிஸ்தவ உதாரணமே அல்ல. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னாளில் மருத்துவமனையாகி, ஸ்டான்லி என்ற பெயர் பெற்று, 1938-ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. பழைய ஆட்கள் அதைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் கையேந்தி வாங்கிய கஞ்சி. இன்று அதே இடத்தில் ஏழை உரிமையோடு சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறான். தர்மம் உரிமையாக மாறினால்தான் அது முழுமையாகிறது. வருடா வருடம் அதே ஆளுக்கு அதே பொட்டலம் கொடுப்பவர் அந்த ஆளை ஏழையாகவே வைத்திருக்கிறார்.

*

இதைச் சொன்னால் வரும் மறுப்புகள் நான்கு.

முதல் மறுப்பு: "சபை அரசியலில் தலையிடக் கூடாது." ஆலைக்கு எதிராகப் பேசுவது அரசியலாம். அப்படியா? எலியா தீர்க்கதரிசியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மீது ஆகாப் ராஜாவுக்கு ஆசை வந்தது. பரம்பரை நிலம், தர மாட்டேன் என்றான் நாபோத். ராணி யேசபேல் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, பொய்ச்சாட்சி ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் சட்டப்படி நடத்தி அவனைக் கல்லெறிந்து கொன்றாள். எலியா நாபோத்தின் வீட்டாருக்கு அரிசி மூட்டை அனுப்பியதாகப் புத்தகத்தில் இல்லை. ராஜா அந்தத் தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போன இடத்துக்கே நேரே போய்க் கேட்டான் என்றுதான் இருக்கிறது. எண்ணூரிலும் ஒரு தோட்டம் உண்டு. 1996-ல் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை வரைபடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த உப்பங்கழி பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போய்விட்டது என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017-ல் குற்றம்சாட்டினார்கள். கொலை கூட வேண்டாம், காகிதம் போதும். இந்தக் கதையில் எலியாவின் வேடம் காலியாக இருக்கிறது. சபை அதை ஏற்காமல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

வரலாறும் இந்த மறுப்புக்கு எதிராகவே நிற்கிறது. 1890-களில் செங்கல்பட்டு ஜில்லாவில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனை கூடச் சொந்தம் இல்லை என்று அரசை நச்சரித்தார்கள். கலெக்டர் டிரெமென்ஹீரின் புகழ்பெற்ற அறிக்கையும் 1892-ன் அரசாணையும் வந்த காலம் அது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அரசியலில் தலையிடாமல் இருந்திருந்தால் அந்த நிலம் கிடைத்திருக்குமா?

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். 2011-லிருந்து கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்துக்கு இடிந்தகரை லூர்து மாதா கோவில் வளாகம்தான் பந்தலாக இருந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராக மக்கள் கூடியது பனிமய மாதா கோவில் அருகே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தெற்கே கடற்கரைக் கோவில் மணிக்கு மக்களின் குரல் தெரிந்திருக்கிறது. வடக்கே மட்டும் ஏன் பூசை நேரம் மட்டும் தெரிகிறது?

ஒரு பதில் தயாராக இருக்கும். அங்கே ஊரே கிறிஸ்தவ ஊர், இங்கே குப்பத்தில் பெரும்பாலோர் இந்துக்கள் என்று. அந்தப் பதில்தான் இரண்டாவது மறுப்பு.

"முதலில் நம் சபை மக்களைப் பார்ப்போம்." பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் விசுவாசக் குடும்பத்தைத் தனியாகக் குறிப்பிடவில்லையா என்று கேட்பார்கள். குறிப்பிடுகிறார். ஆனால் அதே வாக்கியத்தில் அதற்கு முன்பே எல்லோருக்கும் நன்மை செய்யச் சொல்கிறார். அந்தப் பாதியை எங்கே விட்டார்கள்? அமோனியா ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து மூக்கில் ஏறவில்லை. மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது. பசித்தவன், தாகப்பட்டவன், அந்நியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறைக்கைதி என்று பட்டியல் நீள்கிறது. இவர்களில் யார் எந்தச் சபை அங்கத்தினர் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

"நம் ஆட்கள்" என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சுனாமியே சாட்சி. நாகப்பட்டினம் பக்கம் நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. எருசலேம் பந்தியில் நடந்தது இரண்டாயிரம் வருடம் கழித்துத் தமிழ்க் கடற்கரையில் நடந்தது. சபைகளுக்கு உள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? ஒரே ஆண்டவர், தனித்தனிக் கல்லறை என்று இருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தன் பந்தியில் சமமாகப் பரிமாறத் தெரியாதவர்களுக்கு ஊர்ப் பந்தியில் நியாயம் கேட்க வாய் வராதுதான். அது மௌனத்தின் காரணம், மௌனத்துக்கு நியாயம் ஆகாது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் நியாயமானது. "உதவி செய்தால் மதமாற்றம் என்கிறார்கள், கேள்வி கேட்டால் லைசென்ஸை ரத்து செய்கிறார்கள்." உண்மை. அன்னை தெரசா தொடங்கிய சபைக்கு வெளிநாட்டு நிதி பெறும் அனுமதியைப் புதுப்பிக்க 2021 டிசம்பர் 25 அன்று மத்திய அரசு மறுத்தது, கிறிஸ்துமஸ் அன்றே. இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும் 83 வயதுக் கிழவர், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குழாய்க்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். பயப்படுகிறவரைக் கோழை என்று சொல்வது சுலபம். சொல்லக் கூடாது.

ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பெரியகுப்பத்துப் பெண்கள் ஆலை வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தபோது அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு பாய் போதும். இரண்டு, மதமாற்றக் குற்றச்சாட்டுக்குச் சரியான பதில் உதவியை நிறுத்துவது அல்ல, உதவியிலிருந்து தூண்டிலை எடுத்துவிடுவது. துண்டுப் பிரசுரம் செருகிய அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு, ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. பதிலுக்கு எதையும் கேட்டால் அது வியாபாரம். சமாரியன் அடிபட்டவனிடம் எந்த மலையில் கும்பிடுவாய் என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் யூதருக்கும் சமாரியருக்கும் அதுதான் பெரிய சண்டையே.

நான்காவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சபையின் முன்வரிசையில் உட்காருபவர்களில் ஆலை அதிகாரிகள் இருக்கலாம், துறைமுக ஒப்பந்தக்காரர் இருக்கலாம். பின்வரிசையில் அதே ஆலையின் காண்டிராக்ட் தொழிலாளி இருக்கிறார். காணிக்கைத் தட்டு இருவர் முன்னாலும் போகிறது. குருவானவர் ஒரு வார்த்தை பேசினால் முன்வரிசைக்குக் கோபம் வரும், பின்வரிசைக்கு வேலை போகும் என்ற பயம். இது நிஜமான சிக்கல். ஆலையை மூடு என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், மூடிய ஆலையின் தொழிலாளிக்கு அடுத்த மாதம் யார் சோறு போடுவது?

ஆனால் இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தகுந்த இடம் வடசென்னையில் வேறு எது? குழாய் சரியாக இருக்கிறதா என்று தெரிந்த பொறியாளரும், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் தூங்கும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் முழங்காலிடும் இடம் வேறு ஏது? தொழிற்சங்கக் கூட்டத்தில் அதிகாரி இருக்க மாட்டார். ஆலைக் கூட்டத்தில் மீனவர் இருக்க மாட்டார். தேவாலயத்தில் இருவரும் இருக்கக் கூடும். அந்த அதிகாரியிடம் ஆண்டவர் பெயரால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "கசிந்தால் ஊருக்கு எப்படித் தெரியும்?" இதைக் கேட்க ஆலையை எதிர்க்க வேண்டியதில்லை. பாதுகாப்பான குழாய் தொழிலாளிக்கும் நல்லது, குப்பத்துக்கும் நல்லது. இதைக் கூடக் கேட்க முடியாவிட்டால் அந்த ஐக்கிய விருந்தில் என்ன ஐக்கியம் இருக்கிறது?

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, செய்யக் கூடியவை சில. எதற்கும் கோடிகள் தேவையில்லை.

ஒன்று, மணி. அமோனியா இரவில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டித்தான் எழுந்தோம் என்று மக்கள் சொன்னார்கள். தேவாலய மணி எதற்கு இருக்கிறது? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை தேவாலய மணியும் மசூதி ஒலிபெருக்கியும் அம்மன் கோவில் ஒலிபெருக்கியும் ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். வாயு கசிந்தால் இந்த ஒலி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம். ஆலையும் அரசும் முறையான சைரன் வைக்கும் வரை இது தாங்கும். சைரன் வைக்கச் சொல்லி மூன்று மதமும் சேர்ந்து மனுவும் கொடுக்கலாம்.

இரண்டு, நோட்டு. பிறப்பு, திருமணம், இறப்பு என்று பதிவேடு எழுதுவதில் சபைகளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பதிவேடு கூடுதலாகத் திறக்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இழுப்பு, எந்த மாதம் கூடுகிறது, எந்த நாள் நாற்றம் வந்தது. மருத்துவ முகாம் நடத்தி மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு அதை எழுதியும் வைக்கட்டும். மக்கள் "மூச்சு முட்டுகிறது" என்று சொன்னால் ஆதாரம் கேட்கிறார்கள். பத்து வருடப் பதிவேடு இருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அது பேசும்.

மூன்று, ஆஜர். புதிய ஆலையோ விரிவாக்கமோ வரும்போது சட்டப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. சுற்றுச்சூழல் அறிக்கை வரும் மொழியைப் படித்துப் புரிந்துகொள்வது பெரிய பாடு. சபைகளில் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கிறிஸ்தவக் கல்லூரிகளில் வேதியியல் துறையே இருக்கிறது. ஒரு மாலை நேரம் குப்பத்தில் உட்கார்ந்து அந்த அறிக்கையை மீனவர் தமிழில் விளக்கிச் சொல்வது எந்தப் புடவை தானத்துக்கும் குறைந்த ஊழியம் அல்ல.

நான்கு, திரும்பி வருவது. டிசம்பர் 26 ஏற்கெனவே நாட்காட்டியில் இருக்கிறது. புதிதாகத் திருநாள் உண்டாக்க வேண்டியதில்லை. அன்று ஒவ்வொரு சபையும் குப்பத்துக்குப் போகட்டும், பொட்டலம் இல்லாமல். போன வருடம் சொன்னது என்ன ஆயிற்று, ஆறு எப்படி இருக்கிறது, குழாய் எப்படி இருக்கிறது, வழக்கு எங்கே நிற்கிறது என்று கேட்கட்டும். கேட்டதை அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் சொல்லட்டும். வெறும் கையோடு போக வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் நல்லது. கை நிறையக் கொண்டுபோகும்போது காது மூடிக்கொள்கிறது.

ஜெபம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கொசஸ்தலை ஆற்றங்கரையில், சாம்பல் மேல் முழங்காலிட்டுச் செய்யட்டும். எழுந்திருக்கும்போது துணியில் ஒட்டியிருப்பதைத் தட்டிவிடாமல் அப்படியே ஞாயிறு ஆராதனைக்கு வரட்டும். சாம்பல் புதன் அன்று நெற்றியில் வைத்துக்கொள்ளும் சாம்பலுக்கு அர்த்தம் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணூரில் வருடம் முழுவதும் சாம்பல் புதன்தான்.

முடியப்பர் பந்தி பரிமாறியதற்காக மட்டும் யாரும் அவர்மேல் கல்லெறிந்திருக்க மாட்டார்கள். பொட்டலம் கொடுக்கும்வரை சபைகளின் மீதும் யாரும் எறியப் போவதில்லை. மாலை போடுவார்கள், நன்றிக் கடிதம் கொடுப்பார்கள், ஆலைகளே ஸ்பான்சர் செய்ய முன்வரலாம். வடசென்னைச் சபைகளின் மேல் இதுவரை ஒரு கல்கூட விழவில்லையே, அது ஏன் என்று அவை தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.

நட்சத்திரத்தை இறக்க ஜனவரி வரை நேரம் இருக்கிறது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே 26-ஆம் தேதி வந்துவிடும்.